வம்ச அட்டவணையில் ஒரு பெயரைத் தொடர்ந்து போவது எப்படி: எபிரெய வேதாகமத்தின் அறியப்படாத மூதாதையரை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தை ஓர் ஆண்டில் முழுவதும் வாசித்துவிடத் தீர்மானிப்பவர்களில் பலர், முதல் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை விரல் நுனியால் தள்ளிவிட்டு, பத்தாம் அதிகாரத்தில் சவுல் விழுந்து மடியும் இடத்தில்தான் மறுபடியும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தாண்டிப் போனேன். என்னை நிறுத்தியது நான்காம் அதிகாரத்தின் 23-ஆம் வசனம். நெத்தாயீமிலும் கெதேராவிலும் குடியிருந்து ராஜாவுக்காக வேலை செய்த குயவர்கள் என்று சொல்லி, பெயர்கூடச் சொல்லாமல் அந்த வசனம் முடிந்துவிடுகிறது. ராஜவம்சத்தையும் ஆசாரிய வம்சத்தையும் பதிவுசெய்ய வந்தவருக்கு ஒரு குயவர் தெருவை எழுதிவைக்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இந்தத் தேடல் எனக்குத் தொடங்கியது.

இந்த வழிகாட்டி ஆபிரகாமையோ தாவீதையோ பற்றியது அன்று. ஒரே ஒரு வசனத்தில் வந்து மறையும் பெயர்களை, அதாவது திம்னாள், பொக்குரு, ஒக்லாள் போன்றவர்களை, எப்படி நிதானமாக ஆராய்வது என்பதைப் பற்றியது. தேவையானவை அதிகமில்லை: இரண்டு வேறுபட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள், எபிரெயச் சொற்களுக்கு எண் கொடுத்து அடுக்கிய ஓர் அகராதி அல்லது அந்த வசதியுள்ள செயலி, பென்சில், கோடு போட்ட நோட்டுப் புத்தகம். எபிரெய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் 22 எழுத்துகளின் உருவத்தையும் பெயரையும் ஒரு வாரம் செலவிட்டுப் பழகிக்கொண்டால், பின்னால் வரும் ஐந்தாம் படி மிகவும் எளிதாகிவிடும்.

முதல் படி: தமிழ்ப் பெயரை எபிரெயப் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எபிரெயத்தில் தொண்டையிலிருந்து எழும் ஒலிகளுக்கெனத் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் அவற்றுக்கு இடமில்லாததால் மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக, வெவ்வேறு எபிரெயப் பெயர்கள் தமிழில் ஒன்றுபோல் வந்து நிற்கின்றன. இதற்கு ‘ஊர்’ என்ற பெயரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆபிராம் புறப்பட்ட கல்தேயர் பட்டணமும் ஊர். அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கையைத் தாங்கிப் பிடித்தவனும் ஊர். பட்டணத்தின் பெயர் எபிரெயத்தில் ஆலெப் என்ற எழுத்தில் தொடங்குகிறது. மனிதனின் பெயரோ ஹேத் என்ற அழுத்தமான ஹகர ஒலியில் தொடங்குகிறது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலின் வம்சவழியில் ஊரின் மகன் ஊரி என்று வாசிக்கும்போது தகப்பன் பெயரைத்தான் சற்று நீட்டி மகனுக்கு வைத்தார்கள் என்று தோன்றும். ஆனால் ஊரி ஆலெப்பில் தொடங்குகிற பெயர், தகப்பன் பெயரோடு அதற்கு வேர் உறவு கிடையாது. ஆரோனின் வம்சத்தில் வரும் ஊசி என்ற ஆசாரியனுக்கும் தையல் ஊசிக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம்.

மொழிபெயர்ப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் நாளாகமம் என்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் குறிப்பேடு. ஆதியாகமம் அங்கே தொடக்கநூல். பேரேஸ் அங்கே பெரேட்சு. எஸ்ரோன் அங்கே எட்சரோன். ஒரே பெயரைத் தேடுகிறோம் என்பது தெரியாமல் இரண்டு ஆட்களாகக் கணக்கிடுவது தொடக்கத்தில் எல்லாரும் செய்கிற தவறுதான். வசன எண்களும் இடம் மாறும்: தமிழில் 1 நாளாகமம் 6:3-15 என்று நாம் பார்க்கும் ஆசாரிய வம்சம், எபிரெயப் பதிப்புகளில் ஐந்தாம் அதிகாரத்தின் இறுதியில், 29 முதல் 41 வரையுள்ள வசனங்களாக இருக்கும்.

இரண்டாம் படி: அந்தப் பெயர் வரும் இடங்களையெல்லாம் திரட்டுங்கள்

வம்ச அட்டவணைகள் வேதாகமம் முழுவதும் பரவிக் கிடப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் சில இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. ஆதியாகமத்தில் 4, 5, 10, 11, 22, 25, 36, 46 ஆகிய அதிகாரங்கள், யாத்திராகமம் 6, எண்ணாகமம் 1, 3, 26, ரூத்தின் கடைசி ஐந்து வசனங்கள், 1 நாளாகமம் 1 முதல் 9 வரை, எஸ்றா 2, 7, 8, நெகேமியா 7, 11, 12. இவற்றை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்துவிட்டால் போதும். நாளாகமத்தை எழுதியவர் கையில் ஆதியாகமம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது என்பது ஒப்பிட்டுப் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆகவே இரண்டிலும் வரும் பெயர் இரண்டு தனித்தனி சாட்சிகள் ஆகிவிடாது.

மூன்றாம் படி: அட்டவணையின் வடிவத்தைப் பாருங்கள்

ஒற்றைக் கோடாக இறங்கும் அட்டவணை ஒரு வகை, கிளைவிட்டுப் படரும் அட்டவணை இன்னொரு வகை. ஆதியாகமம் 5-இல் ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பெயர்கள் ஒரே கோட்டில் வருகின்றன. ரூத்தின் முடிவில் பேரேஸ் முதல் தாவீது வரையும் பத்து. ஒற்றைக் கோடு எப்போதும் கடைசியில் நிற்பவருக்காக எழுதப்படுகிறது. அவர் எந்த உரிமையில் நிற்கிறார் என்பதைச் சொல்வதே அதன் வேலை. கிளைவிடும் அட்டவணையோ, ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்த கூட்டங்கள் ஒன்றோடொன்று எப்படி உறவு கொண்டாடின என்பதைச் சொல்கிறது. நாகோருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், இஸ்மவேலுக்குப் பன்னிரண்டு பிரபுக்கள், யாக்கோபுக்குப் பன்னிரண்டு குமாரர் என்று எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால், அது ஒரு குடும்பத்தின் பிரசவக் கணக்கு என்பதைவிட ஒரு கூட்டமைப்பின் இலக்கணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எகிப்துக்குப் போனவர்கள் எழுபது பேர் என்பது எபிரெயப் பாடம், அதாவது எபிரெய மூலத்தின் வாசகம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த்தில் அது எழுபத்தைந்து, அப்போஸ்தலர் 7:14-லும் அதே எண்தான்.

நான்காம் படி: பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்

நோட்டுப் பக்கத்தை நெடுக்கில் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் ஓர் இடத்தில் வரும் செய்தியை மட்டும் எழுதுங்கள். விளக்கம் எதுவும் எழுதக் கூடாது. ஏதோமியரின் அட்டவணையில் வரும் திம்னாளை வைத்து இதைச் செய்து காட்டுகிறேன்.

முதல் பத்தியில் ஆதியாகமம் 36:12: ஏசாவின் மகன் எலிப்பாசுக்குத் திம்னாள் மறுமனையாட்டி, அவள் பெற்ற பிள்ளை அமலேக்கு. இரண்டாம் பத்தியில் அதே அதிகாரத்தின் 22-ஆம் வசனம்: சேயீரின் மகனான லோத்தானுக்குத் திம்னாள் சகோதரி. மூன்றாம் பத்தியில் அதே அதிகாரத்தின் 40-ஆம் வசனம்: ஏசாவின் வம்சத்துப் பிரபுக்களின் பட்டியலில் திம்னா முதற்பெயர். நான்காம் பத்தியில் 1 நாளாகமம் 1:36: எலிப்பாசின் பிள்ளைகளின் வரிசையில், அமலேக்குக்கு முன்னால் திம்னா. ஒரே பெயர், எபிரெயத்தில் ஒரே எழுத்துகள். மனைவியாகவும் சகோதரியாகவும் பிரபுவாகவும் மகனாகவும் நிற்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ‘நான்கு திம்னாக்கள் இருந்தார்கள்’ என்று எழுதிவிடுவது எளிய வழி. ‘முரண்பாடு’ என்று எழுதி மூடிவிடுவது அதைவிட எளிய வழி. இரண்டையும் தள்ளிவைத்து, இந்த உறவுமுறைகள் எதைச் சொல்லவருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். சேயீர் மலையில் முதலில் குடியிருந்தவர்கள் ஓரியர். பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் ஏசாவின் சந்ததியார். திம்னா என்ற கூட்டம் ஓரியரில் ஒரு கிளை. அது ஏதோமியரோடு கலந்தபோது, வந்தவர்களின் அட்டவணையில் ‘மறுமனையாட்டி’ என்ற சற்றுத் தாழ்ந்த இடத்தில் ஏறுகிறது. முழுவதும் கலந்தபின் பிரபுவாகிறது. நாளாகமக்காரர் சுருக்கி எழுதும்போது இடையிலுள்ள விளக்கத்தை விட்டுவிட்டதால் அது பிள்ளையாகிறது. இது என் வாசிப்பு. ஆனால் நான்கு வசனங்களும் இதில் இடம்பெறுகின்றன, எதையும் அழிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பெயர்த்தெழுதியவரின் கையைச் சந்தேகியுங்கள், ஆனால் அளவோடு

ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்ததால் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். எபிரெயச் சுருள்களில் சிக்கல் வேறு வகையானது: உயிரொலிக் குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன, அதுவரை மெய்யெழுத்துகள் மட்டுமே இருந்தன. அவற்றிலும் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகள் ஒரு முனையின் கூர்மையில்தான் வேறுபடுகின்றன. யாவானின் சந்ததியை எபிரெய ஆதியாகமம் 10:4 தோதானீம் என்கிறது; எபிரெய நாளாகமம் 1:7 ரோதானீம் என்கிறது. ரோது தீவினரைக் குறிப்பதால் இரண்டாவதே பொருத்தம். சமாரியர் பேணிவந்த எபிரெய ஆகமங்களான சமாரிய ஐந்நூலும் செப்துவஜிந்த்தும் ஆதியாகமத்திலேயே ரகரம் வைத்துத்தான் வாசிக்கின்றன. சில மொழிபெயர்ப்புகள் இரண்டு இடங்களையும் ஒன்றாக்கிவிடுவதால் இந்த வேறுபாடே வாசகர் கண்ணில் படாமல் போகும். முதல் படியை நான் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிடச் சுவையானது பொக்குருவின் கதை. சவுலின் வம்சத்தில் பிற்காலத்தில் வரும் ஆத்சேலுக்கு ஆறு குமாரர் என்று 1 நாளாகமம் 8:38 சொல்லி, அஸ்ரீக்காம், பொக்குரு, இஸ்மவேல் என்று தொடங்கிப் பெயர்களை அடுக்குகிறது. பொக்குரு என்பதன் மெய்யெழுத்துகள் நான்கு: பேத், காப், ரேஷ், வாவ். இதே நான்கு எழுத்துகளை வேறு உயிரொலியோடு வாசித்தால் ‘பெகோரோ’, அதாவது ‘அவனுடைய மூத்த மகன்’ என்று பொருள். ‘அஸ்ரீக்காம், அவனுடைய மூத்த மகன்’ என்றிருந்ததை, ஆறு பேர் என்ற எண்ணிக்கையை நிரப்புவதற்காக யாரோ ஒரு காலத்தில் பெயராக வாசித்துவிட்டார்கள் போலும்; செப்துவஜிந்த் ‘மூத்த மகன்’ என்றே மொழிபெயர்க்கிறது. ஆகவே, பொக்குரு என்ற மனிதன் பிறக்கவே இல்லாமல் வம்ச அட்டவணையில் மட்டும் வாழ்கிறவனாக இருக்கலாம்.

இந்த வெற்றியில் மயங்கி அடுத்த பெயரையும் அழித்துவிடக் கூடாது என்பதற்குப் பெகேர் சாட்சி. பென்யமீனின் பிள்ளைகளை ஆதியாகமம் 46:21 பேலா, பெகேர், அஸ்பேல் என்று வரிசைப்படுத்துகிறது. 1 நாளாகமம் 8:1 பேலா மூத்தவன், அஸ்பேல் இரண்டாம் குமாரன் என்கிறது; ‘மூத்தவன்’ என்ற இடத்தில் நிற்பவை மேற்சொன்ன அதே நான்கு எழுத்துகள். கடைசியிலுள்ள வாவ் எழுத்தைப் பிரித்து அடுத்த பெயரோடு சேர்த்தால், வாவ் என்பது ‘உம்’ என்ற இணைப்புச் சொல்லாகவும் இருப்பதால், ‘பெகேரும் அஸ்பேலும்’ என்பதற்கு மிக நெருங்கி வந்துவிடுகிறது. அப்படியானால் பெகேரும் ஓர் எழுத்துப்பிழைதானா? அவசரம் வேண்டாம். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த பென்யமீனனான சேபா, பிக்கிரியின் குமாரன் என்று 2 சாமுவேல் 20 அறிமுகப்படுத்துகிறது. பிக்கிரி என்பது பெகேர் குலத்தான் என்ற பொருளுக்கு இடம் தருகிற பெயர். எண்ணாகமம் 26:35-இல் பெகேரியர் என்ற குலம் எப்பிராயீமின் கீழே வருகிறது. பென்யமீனும் எப்பிராயீமும் எல்லை பகிர்ந்த கோத்திரங்கள். அட்டவணையில் இடம் தடுமாறினாலும், அந்தப் பெயரில் ஒரு குலம் நிலத்தில் இருந்திருக்கிறது.

ஆறாம் படி: ‘குமாரன்’ என்ற சொல்லை எடைபோடுங்கள்

எபிரெயத்தில் ‘பென்’ என்பது மகன், பேரன், வழித்தோன்றல் மூன்றையும் குறிக்கும். யாக்கோபு மேய்ப்பர்களிடம் நாகோரின் குமாரன் லாபானை அறிவீர்களா என்று கேட்கிறான். லாபான் உண்மையில் பெத்துவேலின் மகன், நாகோரின் பேரன். யெகூவை நிம்சியின் குமாரன் என்று ஓரிடத்திலும், நிம்சியின் குமாரனாகிய யோசபாத்தின் குமாரன் என்று இன்னோரிடத்திலும் அதே அதிகாரம் (2 இராஜாக்கள் 9) சொல்கிறது.

இந்தச் சொல்லை நேரடி மகன் என்றே கொண்டால் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. லேவியின் குமாரன் கோகாத் யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களில் ஒருவன். யாத்திராகமம் 6-இன்படி கோகாத்தின் ஆயுள் 133, அவன் குமாரன் அம்ராமின் ஆயுள் 137. பார்வோன் முன் நின்றபோது அம்ராமின் குமாரன் மோசேக்கு வயது 80. கோகாத் கைக்குழந்தையாக எகிப்துக்குள் நுழைந்தான் என்றும், இருவருமே சாகும் ஆண்டில்தான் பிள்ளை பெற்றார்கள் என்றும் வைத்துக்கொண்டால்கூடக் கூட்டுத்தொகை 350 ஆண்டுகள். இஸ்ரவேலர் எகிப்தில் குடியிருந்ததோ 430 ஆண்டுகள் என்று யாத்திராகமம் 12:40 சொல்கிறது. செப்துவஜிந்த்தும் சமாரிய ஐந்நூலும் அந்த 430-க்குள் கானானில் கழித்த காலத்தையும் சேர்த்துவிடுவதால் அவற்றில் இந்த நெருக்கடி தளர்ந்துபோகிறது. எனினும் எண்ணாகமம் 3:28 மோசேயின் காலத்திலேயே கோகாத்தியரில் ஆண்கள் மட்டும் 8,600 பேர் என்கிறது. கோகாத்தின் நான்கு பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இத்தனை பேராக இருக்க முடியாது. இதே காலத்தவனான யோசுவாவுக்கு 1 நாளாகமம் 7 தரும் வம்சவழி எப்பிராயீமிலிருந்து ஏறக்குறைய பத்துத் தலைமுறை. லேவி, கோகாத், அம்ராம், மோசே என்பது கோத்திரம், வம்சம், குடும்பம், ஆள் என்ற நான்கு அடுக்குகளின் பெயர் என்று கொண்டால் கதவு திறக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கத் தகுந்தது எஸ்றாவின் வம்சவழி. எஸ்றா 7:1-5 அவரைச் செராயாவின் குமாரன் என்று தொடங்கி ஆரோன் வரை ஏற்றிச் செல்கிறது. அதை 1 நாளாகமம் 6-க்குப் பக்கத்தில் வைத்தால், மெராயோத்துக்கும் அசரியாவுக்கும் நடுவே அமரியா, அகித்தூப், சாதோக், அகிமாஸ், அசரியா, யோகனான் என்ற ஆறு பெயர்கள் எஸ்றாவின் பட்டியலில் இல்லை. அமரியா, அகித்தூப், சாதோக் என்ற மூன்று பெயர்கள் நாளாகமத்தில் இதே வரிசையில் இரண்டு முறை வருகின்றன. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். எழுதுபவரின் கண் ஓர் அமரியாவிலிருந்து மற்றோர் அமரியாவுக்குத் தாவிவிட்டது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு நெருடல் எழுந்தது. கீழிருந்து மேலே போகும் எஸ்றாவின் வரிசையில் கண் அமரியாவிலிருந்து அமரியாவுக்குத் தாவியிருந்தால், அடுத்துவரும் அசரியாவும் சேர்ந்து காணாமல் போயிருக்க வேண்டும். அசரியா அங்கேயே நிற்கிறார். அசரியாவிலிருந்து அசரியாவுக்குத் தாவியிருந்தால் அகிமாஸ் மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இப்போது எஸ்றாவிலிருந்து ஆரோன் வரை எண்ணிப் பாருங்கள்: பதினேழு பெயர்கள். இந்த அசரியா மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்பதாவது, சரியாக நடுவில். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் ஆசாரிய ஊழியம் செய்தவன் என்று நாளாகமம் 6:10 குறிப்பிடுவதும் இவரையே. தற்செயலாகவும் இருக்கலாம், எனினும் ஆலயத்தை நடுவில் வைத்து யாரோ பட்டியலை வேண்டுமென்றே சுருக்கினார்கள் என்று எண்ணவே என் மனம் சாய்கிறது.

பட்டியலின் தொடக்கமும் அதையே சொல்கிறது. எருசலேம் வீழ்ந்த கி.மு. 586-இல் பிரதான ஆசாரியனான செராயாவைப் பிடித்து ரிப்லாவில் கொன்றார்கள். எஸ்றா எருசலேமுக்கு வந்தது பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டு, கி.மு. 458 என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. 128 ஆண்டுகள் கழித்து வருகிறவரைச் ‘செராயாவின் குமாரன்’ என்று சொன்னால், அங்கே குமாரன் என்பதற்குப் பொருள் அந்த ஆசாரிய நாற்காலிக்கு உரிமையுள்ளவன் என்பதே.

ஏழாம் படி: ஆளா, ஊரா, குலமா என்று முடிவு செய்யுங்கள்

யொக்தானின் பிள்ளைகளில் ஒருவன் ஆசர்மாவேத். அந்தப் பெயர் இன்றும் ஏமனில் ஹத்ரமவுத் என்ற நிலப்பகுதியாக இருக்கிறது. இஸ்மவேலின் பிள்ளைகளில் தேமா இன்றைய சவூதி அரேபியாவின் தைமா பாலைவனச் சோலை. கேதார் அசீரியக் கல்வெட்டுகளில் வரும் அரபிய இனம். ஆபிரகாமின் முன்னோர்களான செரூகு, நாகோர், தேராகு மூன்று பெயர்களுமே ஆரானைச் சுற்றிய வட்டாரத்தில் ஊர்ப் பெயர்களாக அசீரிய ஆவணங்களில் காணப்படுகின்றன. செரூகின் பெயர் துருக்கியிலுள்ள சுருச் நகரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனால் அப்படி ஒரு மனிதனே இருந்ததில்லை என்று நிரூபணமாகிவிடாது. ஊர் ஆளின் பெயரை எடுத்ததா, ஆள் ஊரின் பெயரை எடுத்தானா என்பதை அட்டவணை மட்டும் சொல்லாது. 1 நாளாகமம் 2-இல் சல்மாவைப் பெத்லெகேமின் ‘அபி’ என்றும் சோபாலைக் கீரியாத்யாரீமின் ‘அபி’ என்றும் எழுதியிருக்கும்போது, ‘தகப்பன்’ என்று பொருள்படும் அந்தச் சொல் ஊரை நிறுவியவனையோ ஊர்ப் பெரியவனையோதான் குறிக்கும்.

எட்டாம் படி: மற்றப் பாடங்களையும் கேளுங்கள்

யூத அறிஞர்கள் பேணிவந்த எபிரெயப் பாடமான மசோரெத் பாடம், சமாரிய ஐந்நூல், செப்துவஜிந்த் ஆகிய மூன்றும் ஆதியாகமம் 5, 11-இல் வயதுகளில் ஒத்துப்போவதில்லை. மெத்தூசலாவை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயப் பாடத்தில் அவன் ஜலப்பிரளயம் வந்த ஆண்டிலேயே இறக்கிறான். சமாரியப் பாடத்தில் அவனோடு யாரேத்தும் லாமேக்கும் சேர்ந்து மூவருமே அந்த ஆண்டில் இறக்கிறார்கள். செப்துவஜிந்த்தின் சில கையெழுத்துப் பிரதிகளில் அவன் லாமேக்கைப் பெற்ற வயது 187-க்குப் பதிலாக 167. அதன்படி கூட்டினால், பேழையில் ஏறாத மெத்தூசலா பிரளயத்துக்குப் பிறகும் 14 ஆண்டுகள் வாழ்கிறான்! எண்களைத் திருத்தியவர்கள் எதைக் கண்டு பதறினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அர்பக்சாத்துக்கும் சாலாவுக்கும் நடுவில் கயினான் என்ற ஒருவன் செப்துவஜிந்த்தில் வருகிறான். லூக்கா 3:36-லும் இருக்கிறான். எபிரெயப் பாடத்திலும் சமாரியப் பாடத்திலும் இல்லை. ஆதியாகமக் கதைகளை விரித்துச் சொல்லும் பழைய யூத நூலான யூபிலி நூல் அவனைப் பற்றி ஒரு கதையே சொல்கிறது: பாறையில் பொறித்திருந்த பழைய எழுத்தைக் கண்டெடுத்து, வான விசேஷங்களைப் பற்றிய தகாத அறிவைப் படியெடுத்தானாம்.

ஒன்பதாம் படி: பெண்கள் பெயர் வந்தால் நிறுத்தி வாசியுங்கள்

ஆண்வழி அட்டவணையில் ஒரு பெண்ணின் பெயர் தப்பி நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். எப்பிராயீமின் வம்சத்தில் வரும் சேராள் கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினாள் என்று 1 நாளாகமம் 7:24 சொல்கிறது. ஊர் கட்டியவள் என்று வேதாகமம் சொல்லும் ஒரே பெண் இவள். எருசலேமுக்கு வடமேற்கே அந்த இரண்டு ஊர்களும் பெய்த் ஊர் என்ற பெயரில் மேலும் கீழுமாக இன்றும் இருக்கின்றன. ஆசேரின் மகள் பெயரும் தமிழில் இதை நெருங்கி ஒலிக்கும். எபிரெயத்தில் எழுத்துகள் வேறு, ஆளும் வேறு. கிலெயாத்தின் சகோதரியான அம்மொளெகேத் அபியேசரைப் பெற்றாள் என்று அதே அதிகாரம் கூறுகிறது. எண்ணாகமமோ அபியேசரைக் கிலெயாத்தின் மகனாக்குகிறது, யோசுவா 17 மனாசேயின் மகனாக்குகிறது. கிதியோன் பிறந்த குலம் அது; மூன்று பேர் அதை உரிமை கொண்டாடியதில் வியப்பில்லை.

பத்தாம் படி: பிற்காலக் கதைகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்

யூத மரபு இந்த இடைவெளிகளை அழகாக நிரப்பியிருக்கிறது. எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலிலும், அதற்குப் பல தலைமுறைகள் பின்னால் எண்ணாகமம் 26-இல் எடுத்த குடிக்கணக்கிலும் ஆசேரின் மகள் பெயர் வருவதைக் கண்ட ரபீக்கள் எனப்படும் யூத போதகர்கள், அவள் அத்தனை காலமும் உயிரோடிருந்தாள் என்று முடிவுசெய்து, யோசேப்பின் பெட்டி நைல் நதியில் எங்கே கிடக்கிறது என்று மோசேக்குக் காட்டியவள் அவளே என்று தல்மூத் என்ற தங்கள் விளக்கத் தொகுப்பில் எழுதிவைத்தார்கள். திம்னாள் ஆபிரகாமின் வீட்டாரோடு சேர விரும்பித் தள்ளப்பட்டவள் என்றும், அந்தப் புறக்கணிப்பின் விளைவே அமலேக்கு என்றும் தல்மூத் சொல்கிறது. இவை ஆய்வாளருக்கு வேண்டாதவை என்று நான் சொல்லமாட்டேன். நாம் நான்காம் படியில் கண்ட அதே இடறலை அவர்களும் கண்டிருக்கிறார்கள் என்பதற்கு இவை சான்று. ஆனால் வசனத்தில் உள்ளதும் கதையில் உள்ளதும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியாது.

பதினொன்றாம் படி: கண்டதை ஓர் அட்டையில் எழுதுங்கள்

பெயர், எபிரெய எழுத்துகள், வரும் இடங்கள், உறவுமுறை, பாட வேறுபாடு, நிலத்தில் தடயம், என் முடிவு என்று ஏழு வரிகள் போதும். என் அட்டைகளில் ஒன்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெயர் ஒக்லாள். எபிரெயத்தில் ஹேத் எழுத்தில் தொடங்குகிறது. வரும் இடங்கள் நான்கு: எண்ணாகமம் 26:33, 27:1, 36:11, யோசுவா 17:3. செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லாததால், தகப்பனின் காணியாட்சியைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று மோசேக்கு முன்னால் நின்று கேட்ட ஐந்து சகோதரிகளில் ஒருத்தி. மற்றவர்கள் மக்லாள், நோவாள், மில்காள், திர்சாள். நிலம் கிடைத்தது, ஆனால் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக் கூடாது என்ற நிபந்தனையோடு; ஆகையால் ஐவரும் தங்கள் சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகளையே மணந்தார்கள். பாட வேறுபாடு குறிப்பிடும்படி இல்லை.

நிலத்தில் தடயம் என்ற வரியில்தான் இந்த அட்டை மற்றவற்றைவிடக் கனக்கிறது. 1910-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அகழ்வாய்வில், சமாரியாவில் இஸ்ரவேல் அரசர்களின் அரண்மனை வளாகத்திலிருந்து மையால் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளன. எந்த ஆண்டில் எங்கிருந்து பழைய திராட்சரசமோ சுத்த எண்ணெயோ வந்தது என்பதைக் குறித்த வரவுச் சீட்டுகள் அவை. அவற்றில் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், சேமிதா என்று எண்ணாகமம் 26 மனாசேயின் கீழே அடுக்கும் பெயர்கள் வட்டாரங்களின் பெயர்களாக வருகின்றன. அவற்றோடு சகோதரிகளில் இருவர், நோவாளும் ஒக்லாளும், வருகிறார்கள். பெயர் தெரியாத ஓர் அரசனின் பதினைந்தாம் ஆண்டு என்று தேதியிட்ட ஓடுகளில், வரவு வந்த திசையைக் காட்டும் சொல்லோடு சேர்த்து, ‘ஒக்லாளிலிருந்து’ என்று மையால் எழுதியிருக்கிறது.